குங்குமப்பூவின் பெயர் தாங்கிய சந்தை நகர்

விருந்து நாட்களில் நம் வீட்டுப் பெண்மணிகள் சிறு டப்பா ஒன்றைத் திறந்து, நாலைந்து குங்குமப்பூ இழைகளை எண்ணியெடுத்து, இளஞ்சூடான பாலில் ஊற வைப்பார்கள். சற்று நேரத்தில் பால் முழுவதும் பொன்னிறமாகிவிடும். பொன்னைப் போலவே நிறுத்து விற்கப்படும் இந்த இழைக்காக ஓர் ஊர் தன் பெயரையே மாற்றிக் கொண்டது என்றால் வியப்பாக இல்லையா? அந்த ஊர் ஈரானிலோ காஷ்மீரத்திலோ இல்லை. குளிரும் தூறலும் நிறைந்த இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. சாஃப்ரன் வால்டன் என்பது அதன் பெயர்.

இலண்டனில் குடியேறி வாழும் என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்தபோது, அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் குடும்பத்தோடு அங்குச் சென்று வந்தோம். இலண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கேம்பிரிட்ஜ் செல்லும் இரயிலில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஆட்லி எண்ட் நிலையம் வந்துவிடுகிறது. ஊருக்குள்ளேயே முன்பு ஓர் இரயில் நிலையம் இருந்தது. அது 1964இல் மூடப்பட்டது. எனவே, எஞ்சிய இரண்டு மைல் தொலைவைப் பேருந்திலோ கால்நடையாகவோ கடக்க வேண்டும். சின்னஞ்சிறு ஊரில் நமக்கேற்ற உணவைத் தேடி அலைய வேண்டாம் என்று தம்பி மனைவி புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டி எடுத்து வந்திருந்தார்.

இந்நகரின் உயிர் அதன் சந்தையில்தான் இருக்கிறது. ஜெஃப்ரி டி மாண்டவில் என்னும் பிரபு, பேரரசி மெட்டில்டாவின் அனுமதியோடு, பக்கத்து ஊரான நியூபோர்ட்டில் நடந்து வந்த சந்தையை 1141இல் இங்கு மாற்றினார். அன்று தொடங்கிய சந்தை இன்றும் செவ்வாய், சனி ஆகிய இரு நாட்களில் கூடுகிறது. ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகளாக மக்கள் அதே ஊருக்குக் கூடையோடு வந்து, விலை கேட்டு, வாங்கிச் செல்கிறார்கள்! சதுக்கத்தில் கூடாரக் கடைகள் போட்டு, காய்கறியும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பூச்செடிகளும் விற்கின்றனர். அருகிலுள்ள குறுகிய சந்துகளுக்கு ‘கசாப்புக்காரர் வரிசை’ என்றும் ‘துணி வணிகர் வரிசை’ என்றும் பொருள்படும் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. 1847-48இல் கட்டப்பட்ட தானியச் சந்தைக் கட்டிடம் இப்போது நூலகமாகிவிட்டது. நெல்லுக்குப் பதில் கோதுமை விலை பேசிய கூடத்தில், நாங்கள் சென்ற அன்று பிள்ளைகள் அமர்ந்து கதைப்புத்தகம் படித்துக் கொண்டிருந்தனர்.

ஆதியில் இவ்வூருக்குச் ‘சிப்பிங் வால்டன்’ என்று பெயர். சிப்பிங் என்றால் பழைய ஆங்கிலத்தில் சந்தை. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் சுற்றுப்புற நிலங்களில் குங்குமப்பூ விளைந்து, ஊரின் செல்வம் அதனாலேயே பெருகியது. துணிக்குச் சாயமாகவும், நோய்க்கு மருந்தாகவும், உணவுக்கு மணமாகவும் அது விலை போயிற்று. ‘சந்தை’ என்ற முன்னொட்டு உதிர்ந்து, ‘குங்குமப்பூ’ என்ற முன்னொட்டு வந்து ஒட்டிக் கொண்டது. நான்கைந்து மைல் தொலைவிலுள்ள ராட்விண்டர் என்னும் சிற்றூரில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், 1577இல் முதன்முதலாக வெளிவந்த இங்கிலாந்து பற்றிய தம் நூலின் வழியே, இப்பயிரை வளர்க்கும் முறையையும் இழைகளை உலர்த்தும் முறையையும் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இத்தொழிலில் ஈடுபட்டோரை ‘குரோக்கர்’ என்று அழைத்தனர்.

அத்தொழில் எளிதானதன்று. ஊதா நிறப் பூ ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று சிவப்பு இழைகள்தாம் உண்டு. ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்களைப் பறித்தாக வேண்டும். செடியோ தரையோடு தரையாக நிற்பது. இலையுதிர் காலத்துக் குளிரில், விடியற்காலையில் குனிந்தபடியே பறித்து, விரல்நுனியால் இழை பிரித்து, அனலில் பக்குவமாக உலர்த்த வேண்டும்.

இப்பயிருக்கு இன்னொரு விந்தையான இயல்பும் உண்டு. குங்குமப்பூச் செடி விதை தருவதில்லை. காற்று அதைப் பரப்புவதில்லை. பறவை அதைக் கொண்டு செல்வதில்லை. மண்ணுக்கடியில் விளையும் கிழங்கை மனிதன் தோண்டியெடுத்து மறுபடியும் நட்டால்தான் அது பிழைக்கும். உலகில் எங்கே ஒரு குங்குமப்பூ வயல் இருந்தாலும், யாரோ ஒருவர் அதை அங்குக் கையால் சுமந்து வந்தார் என்பது அதன் பொருள். கீழை நாட்டுக்குச் சென்ற கிறித்தவப் பயணி ஒருவர், உள்ளீடற்ற கைத்தடிக்குள் ஒரு கிழங்கை ஒளித்து இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார் என்ற கதையை ரிச்சர்ட் ஹக்லூயிட் என்னும் எழுத்தாளர் பதினாறாம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார். கதையின் உண்மை எப்படியாயினும், யாரோ ஒருவரின் கை சுமந்து வந்தது மட்டும் உறுதி.

பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் இந்த விளைச்சல் இங்கு மறைந்தது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்தது, துணிக்கு வேறு சாயங்கள் கிடைத்தன, கூலியும் கட்டுப்படியாகவில்லை. இந்த நூற்றாண்டில் எஸ்ஸெக்ஸில் சிறிய அளவில் மீண்டும் பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள். எனினும் ஊரைச் சுற்றி நாங்கள் கண்டவையெல்லாம் உழுது போட்ட தானிய வயல்களே. பூ போய்விட்டது, பெயர் நிற்கிறது. நகரின் சின்னத்தில் கோட்டை மதிலுக்குள் குங்குமப்பூக்கள் பூத்திருக்கின்றன. 193 அடி உயரக் கூர்கோபுரம் கொண்ட புனித மேரி தேவாலயத்தின் கல்வேலைப்பாட்டிலும் அப்பூ செதுக்கப்பட்டிருக்கிறது. 1835இல் திறக்கப்பட்ட நகர அருங்காட்சியகத்தின் அருகே, மாண்டவில் குடும்பத்தார் கட்டிய கோட்டை இடிபாடாக நிற்கிறது. கோட்டை இடிந்த பின்னரும் சந்தை நடந்து கொண்டிருக்கிறது என்பதை நினைத்துக் கொண்டேன்.

கோட்டை மேட்டில் அமர்ந்திருந்தபோது தம்பி மகள் என்னருகில் வந்தாள். பத்து வயதுப் பிள்ளை, அந்நாட்டிலேயே பிறந்தவள். பள்ளியில் உடன் படிக்கும் பிள்ளையொன்று, “நீ உண்மையில் எந்த ஊர்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டதிலிருந்து அவள் மனம் வாடியிருப்பதாகத் தம்பி முன்பே சொல்லியிருந்தார்.

“பெரியத்தா, இவ்வளவு பழைய ஊரில் நம்முடையது என்று ஏதாவது இருக்குமா?” என்றாள்.

அவளுடைய குறிப்பேட்டை வாங்கி, “ஸாய், ஐன், ஃபா, ரா, அலிஃப், நூன். இவற்றைச் சேர்த்து எழுது” என்றேன். மதரஸாவில் பயின்ற பிள்ளை. தயங்காமல் எழுதி, “ஸஃபரான்” என்று வாசித்தாள். வாசித்த மறுகணமே, தெருவில் நட்டிருந்த ஊர்ப்பெயர்ப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அரபுச் சொல்தான் இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியே நடந்து வந்து ஆங்கிலத்தில் ‘சாஃப்ரன்’ ஆயிற்று. ஸ்பெயின் நாட்டில் இப்பயிரைப் பரப்பியவர்களும் அரபியரே.

“அப்படியானால் வால்டன்?” என்று கேட்டாள். அச்சொல்லின் கதை இன்னும் சுவையானது. வெளியிலிருந்து வந்து இத்தீவில் குடியேறிய ஆங்கிலோ-சாக்ஸன் மக்கள், இங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்த பிரித்தானியரை ‘அந்நியர்’ என்று பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அந்தப் பிரித்தானியர் வாழ்ந்த பள்ளத்தாக்கு என்பதே வால்டன். வந்தவர்கள் இருந்தவர்களை அந்நியர் என்றார்கள்! பின்னர் அனைவரும் கலந்து ஒரே மக்களாயினர். இதைக் கேட்ட அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய தாயார் முகத்தைத் திருப்பிக் கண்களைத் துடைத்துக் கொண்டார்.

நண்பகலில் ஊர்ப் பொதுப் புல்வெளிக்குச் சென்றோம். அங்கே புல்தரையில் வெட்டப்பட்ட பழங்காலச் சுழல்பாதை ஒன்று உள்ளது. 1699ஆம் ஆண்டிலேயே அதைச் செப்பனிட்டதற்கான பதிவு இருக்கிறது. பதினேழு சுற்றுகள், மொத்தம் ஏறத்தாழ ஒரு மைல் நீளம். அதில் முட்டுச்சந்து கிடையாது, கிளைவழியும் கிடையாது. நடுப்புள்ளியை நெருங்கிவிட்டோம் என்று எண்ணும்போது வெளியோரத்துக்குத் தள்ளும். ஆயினும் பொறுமையாக நடப்பவர் யாரும் வழி தவறுவதில்லை. பிள்ளைகள் முழுவதும் நடந்து முடிப்பதற்குள் நாங்கள் புல்வெளியின் ஓர் ஓரத்தில் விரிப்பை விரித்துத் தென்கிழக்கு நோக்கி லுஹர் தொழுதோம். நாயோடு உலவ வந்த முதியவர் ஒருவர், நாங்கள் முடிக்கும்வரை நாயை இழுத்துப் பிடித்துத் தள்ளி நின்றுவிட்டு, தலையசைத்துச் சென்றார்.

இங்கிலாந்து செல்லும் அன்பர்கள் இலண்டன் அரண்மனைகளோடு திரும்பிவிடாமல் இவ்வூருக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். சந்தை கூடும் செவ்வாயோ சனியோ சென்றால் ஊரின் முகம் முழுமையாகத் தெரியும். பழைய சன் விடுதியின் சுவரில் 1676ஆம் ஆண்டுக் குறிப்போடு விளங்கும் சுண்ணச் சுதை ஓவியங்களையும், பிரிட்ஜ் எண்ட் தோட்டத்துப் பசுவேலிச் சுழல்பாதையையும் காணத் தவற வேண்டாம். நேரம் இருந்தால், 1668இல் மன்னர் இரண்டாம் சார்லஸ் விலைக்கு வாங்கிய ஆட்லி எண்ட் மாளிகையையும் பார்த்து வரலாம்.

அந்த மாளிகையை எழுப்பிய பிரபுவின் பெயரும் வாங்கிய மன்னரின் பெயரும் ஏடுகளில் இருக்கின்றன. விடியற்பனியில் குனிந்து பூப்பறித்தவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் இந்நகரம் தாங்கி நிற்பது பிரபுவின் பெயரையோ மன்னரின் பெயரையோ அன்று. அவர்கள் பறித்த பூவின் பெயரைத்தான்.