இருண்ட திரையும் தெளிந்த நெறியும்

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கித் தம் கையாலேயே கணினியை அமைத்தவர், முதன்முதலில் பொத்தானை அழுத்துகிறார். விசிறி சுழல்கிறது, விளக்கு ஒளிர்கிறது, திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. சேர்த்த பணமெல்லாம் வீணாயிற்றோ என உள்ளம் அஞ்சுகிறது.

விசிறி சுழல்வது மின்சாரம் வந்ததை மட்டுமே காட்டும். இயக்க முறைமையை அழைக்குமுன் செயலி, நினைவகம், காட்சியமைப்பு ஆகியவற்றைக் கணினி தானே சோதித்துக்கொள்கிறது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினி, சோதனை நலமாக முடிந்ததும் ஒரு சிற்றொலி எழுப்பியது. இன்றைய தாய்ப்பலகைகள் பலவற்றில், சோதனை எவ்வுறுப்பில் தடைப்பட்டது என்பதைச் சிறு விளக்குகள் காட்டுகின்றன.

தேர்ந்தவர் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதில்லை. மின்னிணைப்பைத் துண்டித்து, செயலி, அதன் குளிர்விப்பான், ஒரு நினைவகத் தகடு, காட்சிக்கு இன்றியமையாத உறுப்பு ஆகியவற்றை மட்டும் விட்டுவைத்து, ஏனையவற்றை நீக்குவர். கணினி விழித்தெழுந்தால், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தி, நீக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்ப்பர். எதைச் சேர்த்ததும் திரை இருள்கிறதோ, அங்கே குறை வெளிப்படும். பலமுறை அக்குறை, முழுதும் பொருந்தாத நினைவகத் தகடாகவோ செருக மறந்த செயலியின் 12 வோல்ட் மின்வடமாகவோ இருக்கும். இவ்வரிசையைக் கைக்கொள்ளாது கடைக்கு ஓடுபவர், குறையற்ற உறுப்பைக் களைந்து மீண்டும் பணம் இழப்பார்.