உடோன் தானியிலிருந்து தெரியும் உலகம்

தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானில் இருக்கிறது உடோன் தானி. விமானத்தில் போகிறவர்கள் இறங்குவது பழைய போர்த்தளம் ஒன்றில். பயணிகள் விமானங்களும் தாய் விமானப்படையும் இன்றும் அந்தத் தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 1964 முதல் 1976 வரை அங்கே அமெரிக்க விமானப்படை இருந்தது. வியட்நாம் போரின் உச்சத்தில் தாய்லாந்தில் ஏறக்குறைய 50,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள். உடோன், உபோன், நக்கோன் பனோம், கோராட், தக்லி, ஊ-தபாவ் என்று நாடு முழுக்கத் தளங்கள். வட வியட்நாம் மீது அமெரிக்க விமானப்படை நடத்திய தாக்குதல்களில் பெரும்பகுதி இந்தத் தளங்களிலிருந்தே கிளம்பியது. உடோனிலிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் மேகாங் ஆறு. அக்கரையில் லாவோஸ்.

நான் போனது ரயிலில். பாங்காக்கில் இரவு ஏறினால் விடிகிற நேரத்துக்கு உடோன் வந்துவிடும். எதிர்ப் படுக்கையில் இருந்தவர் எழுபத்தைந்தை ஒட்டிய வயதுள்ள அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்தில், எஃகு ஆலையை நம்பியிருந்த ஊரில் பிறந்தவர். இருபத்தோரு வயதில் உடோன் தளத்தின் ஆயுதப் பிரிவில் வேலை பார்த்திருக்கிறார். ஃபேன்டம் விமானங்களின் இறக்கைக்கு அடியில் குண்டுகளைப் பொருத்துவது அவர் வேலை. அப்புறம் ஊர் திரும்பினார், ஆலையில் சேர்ந்தார், ஆலை மூடியது, மனைவியும் போய்ச் சேர்ந்தார். ஓய்வுபெற்ற பிறகு இங்கேயே வந்து, ஈசான்காரப் பெண்மணி ஒருவரை மணந்து, உடோனுக்கு வெளியே ஒரு கிராமத்தில் குடியிருக்கிறார். ஊரார் அவரை 'லுங்' என்கிறார்கள். பெரியப்பா என்ற முறை. "மழையைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் பேச ஊரில் எல்லாரும் இருக்கிறார்கள். உலகத்தைப் பற்றிப் பேசத்தான் ஆள் கிடைப்பதில்லை. வீட்டுக்கு வாருங்கள்" என்றார். போனேன்.

தாய்லாந்தில் வாழும் வெள்ளைக்காரர்கள் என்றால் பட்டாயா, ஃபூகெட் என்றுதான் நம் நினைவு ஓடும். ஈசான் கிராமங்களில் இருப்பவர்களின் வாழ்க்கை வேறு. கடல் கிடையாது, கேளிக்கை கிடையாது. மனைவியின் உறவுக்கூட்டம், சுற்றிலும் வயல், காலையில் ஊர்த்தலைவரின் ஒலிபெருக்கி அறிவிப்பு, இவ்வளவுதான். அந்த வீட்டில் நாள் தொடங்குவது ஒட்டரிசியோடு. முந்தின இரவே ஊறப்போட்ட அரிசியைக் கூம்பு வடிவ மூங்கில் கூடையில் கொட்டி, இடுப்பு ஒடுங்கிய பானையின் வாயில் செருகி, ஆவியில் வேகவைக்கிறார் அந்த அம்மா. பாதி வெந்ததும் கூடையை ஒரு குலுக்குக் குலுக்கினால் மொத்தச் சோறும் அப்படியே புரண்டு விழுகிறது. வெந்ததை மரப்பலகையில் பரப்பி ஆவி போகக் கிளறி, மூடியுள்ள சின்ன மூங்கில் பெட்டியில் அடைக்கிறார். அந்தப் பெட்டியோடு லுங் தெருவோரத்தில் பாயை விரித்து மண்டியிடுகிறார். முழங்கால் வலிக்காரர், இறங்குவதற்கே நேரமாகிறது. வெறுங்காலோடு வரிசையாக வரும் பிக்குகளின் பாத்திரத்தில் ஆளுக்கு ஒரு கிள்ளுச் சோறு வைக்கிறார். "இங்கே நான் கற்ற முதல் பாடம் இதுதான். வயதான அமெரிக்கன் ஒருவன் ஒரு சின்னப் பையனுக்கு முன்னால் முழங்காலிடுவது" என்றார். வரிசையின் கடைசியில் வந்த இளந்துறவிக்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம்.

தாய் வாழ்க்கையில் அவர் மிகவும் மதிப்பது இழவு வீட்டை. ஈசான் கிராமத்தில் சாவு விழுந்தால் பிணம் தனியாகக் கிடப்பதில்லை. சில நாள் வீட்டிலேயே வைத்திருப்பார்கள். ஊர் முழுவதும் வந்து சமைக்கிறது, இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறது, கையிலிருப்பதை உறையில் போட்டுக் கொடுக்கிறது. ஒஹாயோவில் தன் தெருவில் ஒருவர் இறந்து சில நாள் கழித்துத்தான் தெரிந்தது என்று சொன்னார். அதற்கடுத்து அவர் பாராட்டுவது, 2000-களின் தொடக்கத்தில் வந்த முப்பது பாட் மருத்துவத் திட்டத்தை. ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போக முப்பது பாட் கட்டினால் போதும் என்று தொடங்கிய திட்டம் அது. மனைவியின் அண்ணனுக்கு அதில்தான் டயாலிசிஸ் நடக்கிறது. "எங்கள் நாடு பணக்கார நாடு. அங்கே நோய் வந்தால் வீடு போகும்" என்றார்.

தன் இடம் எது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. ஐம்பது வயது தாண்டிய வெளிநாட்டவர் ஓய்வுக்கால விசாவில் தங்க வேண்டுமானால் தாய் வங்கியில் 8 லட்சம் பாட் வைத்திருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் நீட்டிக்க வேண்டும். தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை இருப்பிடத்தைக் குடிவரவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். நிலம் வாங்க முடியாது. அவர் கட்டிய வீடு நிற்கும் மனை மனைவி பெயரில் இருக்கிறது. ஓட்டு கிடையாது. இதில் எதையும் அவர் குறையாகச் சொல்லவில்லை. உடோன் நகரத்து வெள்ளைக்காரர்கள் மாலையில் கூடும் இடங்களில் பேச்சு எப்படிப் போகிறது என்று சொன்னபோதுதான் அவர் குரல் உயர்ந்தது. இங்கிலாந்துக்காரர், ஜெர்மன்காரர், அமெரிக்கர் எல்லாரும் தத்தம் நாட்டில் குடியேறிகள் பெருகிவிட்டதாகக் கொதிக்கிறார்களாம். "நாங்கள் எல்லாரும் குடியேறிகள். இந்த ஊரின் மொழியைச் சரியாகப் பேசாதவர்கள். எங்கள் சம்பாத்தியம் இங்கே பெரிதாகத் தெரிவதால் வந்தவர்கள். இவர்கள் எங்களை எப்படி நடத்துகிறார்களோ, அப்படி எங்கள் ஊருக்கு வந்தவனை நாங்கள் நடத்தினால் போதாதா?" என்றார். இதைவிட நேர்மையான கேள்வியைக் குடியேற்றம் பற்றிய விவாதத்தில் நான் கேட்டதில்லை.

அவரோடு நான் ஒத்துப்போகாத இடமும் உண்டு. தாய் மக்கள் கோபப்படாதவர்கள், எதையும் 'மை பென் ராய்', பரவாயில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் என்பது அவர் எண்ணம். இங்கே வாழும் வெள்ளைக்காரர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள். கல்லுரலில் பச்சைப் பப்பாளியையும் மிளகாயையும் இடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கையை நிறுத்திவிட்டுத் தாய் மொழியில் படபடவென்று பேசினார். லுங்கே எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். 2010-இல் செஞ்சட்டைப் போராட்டக்காரர்கள் அரசை எதிர்த்து பாங்காக் வீதிகளில் உட்கார்ந்தபோது இந்த ஊரிலிருந்தும் வண்டி வண்டியாகப் போனார்கள். அந்த ஆண்டுக் கலவரத்தில் 90-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மே 19 அன்று ராணுவம் போராட்டத்தைக் கலைத்தபோது உடோன் தானியின் மாகாண அலுவலகமே தீக்கிரையானது. இதெல்லாம் கோபப்படாதவர்கள் செய்கிற காரியமா என்று கேட்டார் அந்த அம்மா.

அந்த அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1932-க்குப் பிறகு தாய்லாந்தில் பத்துக்கும் மேற்பட்ட ராணுவப் புரட்சிகள் வெற்றி பெற்றிருக்கின்றன. கடைசி இரண்டும் 2006-இலும் 2014-இலும். 2023 தேர்தலில் அதிக இடங்களைப் பிடித்த மூவ் ஃபார்வர்ட் கட்சி, ராணுவ ஆட்சி நியமித்த செனட்டால் ஆட்சி அமைக்க முடியாமல் போய், அடுத்த ஆண்டு நீதிமன்றத்தால் கலைக்கப்பட்டது. அரச குடும்பத்தை அவமதித்ததாகத் தீர்ப்பானால் 15 ஆண்டு வரை சிறை. குடும்பங்களின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. இத்தனையையும் சுமந்துகொண்டு சிரித்த முகமாக இருப்பவர்களை மனநிறைவு கொண்டவர்கள் என்று விருந்தாளி முடிவுகட்டக் கூடாது. அந்தச் சிரிப்பு அவர்களின் நாகரிகம். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அந்த அம்மாவைப் போன்றவர்கள் பேசக் காத்திருக்க வேண்டும்.

உலக விவகாரம் அந்த வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். அந்த அம்மாவின் தம்பி மகன் இஸ்ரேலில் பண்ணைத் தொழிலாளி. 2023 அக்டோபரில் தாக்குதல் நடந்தபோது அங்கே ஏறக்குறைய 30,000 தாய்லாந்துக்காரர்கள் வேலையில் இருந்தார்கள். பெரும்பாலோர் ஈசான்காரர்கள். காசாவை ஒட்டிய பண்ணைகளில் அன்று முப்பதுக்கும் மேற்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். முப்பது பேருக்கு மேல் பிணைக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் உடோன் தானி மாகாணத்துப் பிள்ளைகளும் உண்டு. இந்தப் பையன் தப்பி, அரசு ஏற்பாடு செய்த விமானத்தில் வீடு வந்தான். சில மாதம் கழித்து அதே பண்ணைக்குத் திரும்பிவிட்டான். போவதற்கு வாங்கிய கடன் அடையவில்லை. ஊரில் அறுவடைக் கூலியில் அது அடையாது. கிளம்புகிற அன்று பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்து அவன் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். உயிர் உடம்பை விட்டு அலையாமல் இருக்க ஈசானிலும் லாவோஸிலும் செய்கிற சடங்கு அது. அந்தக் கையின் படத்தை அந்த அம்மா தன் செல்பேசியில் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரை நூல். ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களை அறிந்தவர்களுக்கு அந்த அம்மாவின் முகத்தை விளக்க வேண்டியதில்லை.

லுங் ஆண்டுக்கொரு முறை லாவோஸ் போய்வருகிறார். அந்த முறை நானும் சேர்ந்துகொண்டேன். ஆஸ்திரேலியாவின் நிதியில் கட்டி 1994-இல் திறந்த நட்புறவுப் பாலத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் வியந்தியான். அங்கே கோப் என்ற அமைப்பின் பார்வையாளர் மையம் இருக்கிறது. வெடிகுண்டில் கால் கை இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்புகள் பொருத்த உதவும் அமைப்பு. 1964-இலிருந்து 1973 வரை லாவோஸ் மீது அமெரிக்க விமானங்கள் 5,80,000 முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. சராசரி பார்த்தால் எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை, இரவு பகலாக, ஒன்பது ஆண்டு. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சின்னக் குண்டுகள் மட்டும் 27 கோடி. அவற்றில் சுமார் எட்டுக் கோடி அப்போது வெடிக்கவில்லை. போர் முடிந்த பிறகு அவற்றால் ஏறக்குறைய 20,000 பேர் இறந்தோ ஊனமுற்றோ இருக்கிறார்கள், பலர் குழந்தைகள். டென்னிஸ் பந்தளவுள்ள அந்தக் குண்டுகளின் கூடுகளை மையத்தின் கூரையிலிருந்து கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

லுங் அதன் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நான் ஏற்றியிருக்கிறேன். விமானம் நிறைய சுமையோடு போகும், வெறும் இறக்கையோடு வரும். எங்கள் வேலை அடுத்த சுமையை ஏற்றுவது. எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை" என்றார். உண்டியலில் பணம் போட்டுவிட்டு, எலும்பு மூட்டு தேய்ந்த அந்த மனிதர் அங்கிருந்த செயற்கைக் கால் ஒன்றின் முழங்கால் பூட்டு எப்படி மடங்குகிறது என்று ஊழியரிடம் வெகுநேரம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில்தான் உலக அரசியலைப் பற்றி மனம் விட்டுப் பேசினார். 2016-இல் ஒபாமா லாவோஸ் வந்து, குண்டுகளை அகற்ற மூன்றாண்டுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்ததை வரவேற்றார். கொத்துக்குண்டுகளைத் தடை செய்யும் உடன்படிக்கை 2010-இலிருந்து நடப்பில் இருக்கிறது. லாவோஸ் அதில் சேர்ந்தது, அமெரிக்கா சேரவில்லை, தாய்லாந்தும் சேரவில்லை. 2023-இல் அமெரிக்கா அதே வகைக் குண்டுகளை உக்ரைனுக்கு அனுப்பியது. உக்ரைன் தன் மண்ணைக் காக்க உரிமை உள்ள நாடு என்றே அவரும் கருதுகிறார். "ஆனால் அறுபது ஆண்டு கழித்து அந்த வயலில் விளையாடப் போகும் குழந்தையைக் கேட்டு முடிவெடுக்கவில்லையே" என்றார். 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லைக் கோயில்களை ஒட்டி ஐந்து நாள் சண்டையிட்டதைப் பற்றியும் இதே பேச்சுத்தான். பிரீயா விஹார் சிவன் கோயில் கம்போடியாவுக்குரியது என்று சர்வதேச நீதிமன்றம் 1962-இலேயே தீர்ப்பளித்தும் அந்த எல்லை ஓயவில்லை. இந்த முறை எல்லையோர ஈசான் மாகாணமான சிசாகேட்டில் பெட்ரோல் பங்க் கடையொன்றில் ராக்கெட் விழுந்து பொதுமக்கள் செத்தார்கள். இரு பக்கமும் லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். வரி விதிப்பேன் என்று அமெரிக்கா மிரட்ட, மலேசியாவில் இரு நாடும் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டன. ஆண்டு முடிவதற்குள் சண்டை மறுபடி மூண்டது. நாட்டுப்பற்றுப் பாடல்கள் ஒலித்த நாட்களில் தான் பேசவில்லை, விருந்தாளி பேசும் நேரம் அதுவல்ல என்றார் லுங். முகாமுக்கு வந்தவர்களுக்கு அரிசி மூட்டை அனுப்பியதோடு நின்றுகொண்டாராம்.

நாம் தினமும் போர்களைப் பற்றிப் பேசுகிறோம். யார் பக்கம் நியாயம், யார் வெல்வார், எந்த ஏவுகணை எத்தனை தூரம் போகும் என்று டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் வாதிடுகிறோம். எல்லாமே குண்டு கிளம்புகிற இடத்திலிருந்து பேசுகிற பேச்சு. அங்கே நின்று பார்த்தால் சுமை போவதும் வெறும் இறக்கை திரும்புவதும்தான் தெரியும். அந்தப் பெரியவர் தன் முதுமையைக் குண்டு விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் வாழத் தேர்ந்துகொண்டார். அதனால் அவர் கருத்துகளுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. பக்கம் எடுக்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எந்தப் பக்கம் எடுத்தாலும், அந்தப் போரில் நிலத்தில் நிற்பவர் யார், கடன் வாங்கி அங்கே வேலைக்குப் போனவர் யார், அந்த வயலை நாளைக்கு உழப்போகிறவர் யார் என்று கேட்டுவிட்டு எடுப்போம். அவ்வளவு கேட்ட பிறகும் நிற்கிற கருத்து எதுவோ, அதை உரக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.