மாரி விடட்டும்

மல்லாகம் கோணப்புலம் முகாமிலிருந்த அந்த அம்மாவைச் சந்திக்க 2017 மார்கழியில் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. அவ்வருடம் யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் விடுவிக்கப்பட்டதில் அவருடைய வளவும் அடங்கியிருந்தது. எப்போது போகிறீர்கள் என்று கேட்டேன்.

"மாரி விடட்டும் பிள்ளை" என்றார்.

யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரைதான். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் அந்த நீரைத்தான் வருடம் முழுதும் கிணற்றில் அள்ளுகிறோம். மாரியை நோவதற்கில்லை. ஆனால் முகாமில் அதன் முகம் வேறு. தகரம் ஒழுகிய இடமெல்லாம் சட்டிகள் வைத்திருந்தன. அடுப்படி மண் ஊறி, விறகு புகைந்துகொண்டிருந்தது. குந்தில் ஆபிரிக்க நத்தைகள். முருங்கையில் மயிர்க்கொட்டி அப்பியிருந்ததால் பேரப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. கத்தரி அழுகிவிட்டது. வாழை மட்டும் வெள்ளத்துக்குள் நின்று குலை தள்ளியிருந்தது.

1990 ஆனியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவர் அவர். 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டும் மழையில், கைக்குழந்தையோடு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனார். மறுவருடம் திரும்பி வந்து இந்தக் குடிசையைப் போட்டார். தாயார் செத்ததும் இதற்குள்தான்.

"மழைக்குள்ளை சாமான் தூக்கினது காணும் பிள்ளை."

எங்கள் கோவையில் 'திரும்பிச் செல்ல விருப்பமில்லை' என்று யாரோ எழுதிவைத்திருந்தார்கள். அதை வெட்டினேன். படிவத்தில் கூரைக்கு, சுவருக்கு, மலசலகூடத்துக்கு நிரல் உண்டு. மரத்துக்கு இல்லை. சமூகவியல் படித்த எனக்கும் அதுவரை அது குறையாகத் தெரியவில்லை.

மயிலிட்டியில் மிஞ்சியது கிணறும், பற்றைக்குள் அத்திவாரமும்தான். வேலி இல்லை. மகனுக்கு அந்தரம்; கதியால் போட்டால் மாரி ஈரத்தில்தான் பிடிக்கும், பங்குனியில் போட்டால் காய்ந்துவிடும். அவன் சொன்னதும் நியாயம். கடைசியில் அம்மாவே வழி கண்டார். மகன் கிளுவைக் கதியாலோடு முன்னுக்குப் போய் எல்லையைப் போடுவது, வாழைக்குலை முற்றியதும் அவர் போவது.

நான் வெளிக்கிடும்போது பந்தம் கொளுத்தி மயிர்க்கொட்டியைப் பொசுக்கிவிட்டு, முருங்கையில் கொப்புகள் வெட்டிக்கொண்டிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டி, "உங்கடை வளவிலை முருங்கை நிக்குதோ?" என்று கேட்டார்.

நான் இருப்பது வாடகை வீடு. அதைச் சொல்லாமல் வாங்கிக்கொண்டேன்.