அரை நோன்பு

பருவமடையும் வரை பிள்ளைகளுக்கு நோன்பு கடமையன்று. ஆயினும் ஏழு வயது மகள் சஹருக்கு எழுந்து அடம்பிடித்தமையால், ளுஹர் வரை அரை நோன்பு பிடிக்க இசைந்தோம். ஏழையின் பசியை அறியவே நோன்பு என்று, தொழிற்பழக்கத்தால், ஒரு விரிவுரையும் நிகழ்த்தினோம்.

“அப்ப அடுத்த வீட்டுப் புள்ள ஏன் வாப்பா நோன்பு புடிக்கான்?”

தோணி கடலுக்குப் போகாத மாரி நாட்களில் அவ்வீட்டு அடுப்பு எரிவதில்லை. அதை அவளும் அறிவாள். குர்ஆன் கூறும் நோக்கம் இறையச்சமே. இரக்கத்துக்கான ஒத்திகை என்பது வயிறு நிறைந்த நம் போன்றோரின் வியாக்கியானம். பெருநாள் தொழுகைக்கு முன் தலைக்கு ஒரு ஸாஉ தானியம் ஏழைக்குச் சேரவேண்டும் என்ற பித்ராவையோ விரிவுரையில் மறந்தே போனோம்.

மாலையில் நால்வருக்குரிய அரிசியை அவளையே அளக்கச் சொன்னோம். அளந்து முடித்தவள் கேட்டாள்:

“இது அவங்களுக்கு எத்தின நாளைக்கு வாப்பா?”