விளக்கு வைக்கிற நேரம்

புரூக்ளின்
டிசம்பர் மூன்றாம் வாரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படம் வந்து சேர்ந்தது. உங்கள் வீட்டு வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் என்று கீழே எழுதியிருந்ததால் தெரிந்துகொண்டேன். இல்லாவிட்டால் கறுப்புத் துணியில் யாரோ சிவப்பு மை கொட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பேன். திண்ணை இல்லை, ஓட்டுக்கூரை இல்லை, வீடே இல்லை. "முப்பது வருஷம் ஸ்டுடியோ வெச்சிருந்தவன் எடுத்த படமான்னு சிரிக்காதே" என்று வேறு. சிரித்தேன் அண்ணா. இருட்டிய பிறகு விளக்கைப் படம் எடுக்கக் கூடாது என்ற பாடத்தை எனக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள்தானே.

நென்மாறா வல்லங்கி வேலா திருவிழாவுக்கு கேமரா ஸ்டாண்டு தூக்க என்னை அழைத்துப் போனீர்களே, நினைவிருக்கிறதா? மீன மாதம் 20. அறுவடை முடிந்த வயலில் இரண்டு ஊரும் போட்டி போட்டுக் கட்டிய யானைப் பந்தல்கள், அடிமுதல் உச்சிவரை பல்பு. பொழுது சாய்ந்ததும் சீரியல் செட் எல்லாம் ஒரேயடியாக எரிய, கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. நன்றாக இருட்டட்டும், அப்போதுதான் ஜொலிக்கும் என்றேன் நான். நீங்கள் யாஷிகா கேமராவிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னீர்கள்: "பல்பை எடுக்கவாடா வந்தோம்? பந்தலை எடுக்க வந்தோம். வானம் கறுத்தா பந்தல் போயிரும், பல்பு மட்டும் நிக்கும்." ரோலில் மிச்சமிருந்த ஒன்பதையும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே எடுத்து முடித்துவிட்டு, வாணவேடிக்கையைச் சும்மா நின்று பார்த்தீர்கள். எனக்கோ வயிற்றெரிச்சல்.

இங்கே வந்த முதல் வருஷம் அதையெல்லாம் மறந்துபோய், நீங்கள் இப்போது செய்ததையே நானும் செய்தேன். என் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் டைக்கர் ஹைட்ஸ் என்றொரு பகுதி. இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்கள் நிறைந்த இடம். 84ஆம் தெருவில் ஓர் அம்மாள் 1980களில் வீட்டு முகப்பெல்லாம் விளக்கு கட்டத் தொடங்கினார். பக்கத்து வீடுகளில் சிலருக்கு அது பிடிக்கவில்லையாம். பிறகு அவர்களும் கட்டினார்கள். இன்று 83இலிருந்து 86ஆம் தெரு வரை, நவம்பர் கடைசியில் தொடங்கி புத்தாண்டு வரை, சுற்றுலா பஸ்கள் ஊர்ந்து போகின்றன. ஆள் உயரத்தைப்போல் பல மடங்கு பொம்மைச் சிப்பாய்கள், தேவதைகள், மரத்துக்கு மரம் அடிமரத்தைச் சுற்றி நெருக்கமாக மணிவிளக்கு. முக்கால்வாசி வீட்டில் காசு கொடுத்து ஆள் வைத்துக் கட்டுகிறார்கள், பார்த்தாலே தெரியும். கல்யாண மண்டபத்து அலங்காரம் மாதிரி ஒரு அலுப்பு.

நான் போனது இரவு ஏழரைக்கு. விரல் மரத்துப்போகும் குளிரில் இருநூறு படம். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருநூறிலும் இருட்டில் மிதக்கும் வெள்ளைக் கொப்புளங்கள். பல்பு தெரியக் குறைத்தால் வீடு மறைகிறது. வீடு தெரியக் கூட்டினால் பல்பு வெந்துபோகிறது. அப்போதுதான் உங்கள் குரல் காதில் கேட்டது.

மறுநாள் நாலரைக்கே போய் நின்றேன். டிசம்பரில் இங்கே சூரியன் மறைவது அப்போதுதான். முதலில் ஒன்றுமே சரியில்லை. வானம் வெளுத்துக் கிடந்தது, விளக்குகள் பகலில் எரியும் தெருவிளக்கு மாதிரி அசடு வழிந்தன. கால் மணி நேரம் போயிருக்கும். வானம் நீலமாக இறங்க இறங்க, விளக்கு மேலே வர வர, ஓரிடத்தில் இரண்டும் சமமாயின. செங்கல் சுவரின் நிறம், புகைபோக்கி, மொட்டை மேப்பிள் மரத்தின் கிளை, எல்லாம் இருந்தன. சன்னலுக்குள் ஒருவர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார், அதுவும் தெரிந்தது. ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஒரு விநாடி. வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்தில் வைத்தேன். அப்படி வைத்தால்தான் பல்பின் மஞ்சளும் வானத்தின் நீலமும் அப்படியே நிற்கும். மதியம் பெய்த மழையில் தார் ரோடு ஈரமாக இருந்ததால் வீடு தலைகீழாகவும் ஒருமுறை கிடைத்தது.

விளக்கு என்றதும் இன்னொன்று: மின்விளக்கால் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிக்கும் வழக்கம் இந்த நியூயார்க்கில் தொடங்கியதுதான். எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், 1882 டிசம்பரில் மன்ஹாட்டனில் தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலமாக 80 பல்பு கட்டி, மரத்தையே மின்சாரத்தில் சுழலவும் விட்டார். எடிசனின் மின் நிலையம் அங்கே ஓடத் தொடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. பக்தி கொஞ்சம் இருந்திருக்கலாம். விளம்பரம் நிச்சயம் இருந்தது.

சரி, உங்கள் நட்சத்திரத்துக்கு வருகிறேன். உங்களுக்கு என்னைவிட நேரம் குறைவு. நம் கொல்லங்கோடு பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்தரை டிகிரிச் சொச்சம். புரூக்ளின் நாற்பதரைச் சொச்சம். முப்பது டிகிரி வித்தியாசம். இங்கே சூரியன் சறுக்குமரத்தில் போவதுபோல் சாய்வாக இறங்குகிறது, அங்கே கிணற்றில் வாளி போவதுபோல் நேராக. டிசம்பர் கடைசியில் மறைந்த பிறகு வெளிச்சம் தங்குவது இங்கே 31 நிமிடம், அங்கே 23. ஆறு மணி ஐந்து நிமிடம் வாக்கில் பொழுது அடையும். ஆறு இருபதுக்கு போனைக் கையில் எடுத்தால், நெல்லியாம்பதி மலையின் கோடு பின்னால் தெரிந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். ஐந்தாறு நிமிடம்தான்.

கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது என் பெரியம்மா ஞாபகம் வந்தது. பெரியம்மா மணி பார்த்ததே இல்லை. வாசல் தெளித்து, கால் அலம்பி, இருட்டுவதற்கு முன் விளக்கேற்றிவிடுவாள். இருட்டிய பிறகு ஏற்றினால் திட்டு. விளக்கு வைக்கிற நேரம் என்று நாம் சொல்வது இந்த ஐந்தாறு நிமிடத்தைத்தானே அண்ணா? வானமும் சுடரும் சமமாக நிற்கும் நேரம். தெளித்த வாசலில் விளக்கின் நிழல் விழும். நான் இங்கே மழைக்குக் காத்திருக்கிறேன், பெரியம்மா ஒரு வாளித் தண்ணீரில் முடித்துவிட்டாள்.

இன்னொரு சங்கடம், நம்மூர்க் காற்று. இந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து அடிக்கிற அடியில் கரிம்பனை ஓலையே கிழியும். காகித நட்சத்திரம் எம்மாத்திரம்? ஒரு விநாடி திறந்து வைத்தால் அது வால்நட்சத்திரமாகிவிடும். கீழ் முனையில் ஒரு நூல் கட்டித் திண்ணைத் தூணோடு இழுத்து முடிந்துவிடுங்கள். போனைக் கையில் பிடிக்காமல் நாற்காலி முதுகில் சாய்த்து, இரண்டு விநாடி டைமர். திரையில் நட்சத்திரத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். பிளாஷ் வேண்டவே வேண்டாம். சீரியல் பல்பு மலிவானதாக இருந்தால் அது எரிந்து அணைந்து எரிவது கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். வீடியோவில் பட்டை பட்டையாக ஓடினால் போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள்.

நம் தெருவில் அந்த நட்சத்திரம் எந்த வீட்டில் தொங்கவில்லை என்று எண்ணுவது சுலபம். கார்த்திகை அகல் வைத்த அதே திண்ணையில் சில நாளில் நட்சத்திரம் ஏறிவிடும். இங்கே இருப்பவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. அதற்காகவாவது வீடு தெரிகிற மாதிரி ஒரு படம் எனக்கு வேண்டும்.

நாளைக்கு மறுபடி எடுத்து அனுப்புங்கள். அக்காவைத் திண்ணையில் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு விநாடி அசையாமல் நிற்கிற ஆள் அக்கா இல்லை என்று தெரியும். அடுப்பில் பால் வைத்திருப்பாள், பாதியில் உள்ளே போய்விடுவாள். கலங்கலாக வந்தாலும் அழிக்க வேண்டாம், அதையே அனுப்புங்கள்.

அன்புடன்,
ஸ்டாண்டு தூக்கிய தம்பி