பத்து மணிப் பசி

காலை உணவுக்குப் பிந்தி, மதிய உணவுக்கு முந்தி, பத்து மணி என்பது இரண்டுங்கெட்டான் நேரம். ஆனால் எங்கள் மதுரையில் அப்பொழுதும் அடுப்பு எரியும்.

இவ்வாண்டு எங்கள் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த தோழிக்கு ஒரு ஞாயிறன்று ஊரைச் சுற்றிக் காட்டினேன். சித்திரை, மாசி என்று தமிழ் மாதங்களின் பெயர் தாங்கிய வீதிகளில் நடந்தோம். தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தோம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது அது. பின்னர் விளக்குத்தூண் அருகே ஜிகர்தண்டா. பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் யாவும் கலந்த குளிர்ச்சி!

"எல்லாம் இனிப்பாகவே இருக்கிறதே! காரமாக ஏதாவது வாங்கிக் கொடுடி" என்றாள் அவள்.

எங்கள் தெருவை மட்டும் தவிர்க்கப் பார்த்தேன். சாம்பார் மணம் அவளை அங்கேயே இழுத்துச் சென்றது. தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருப்பவர் என் அம்மா. இதை நான் வகுப்பில் எவரிடமும் சொன்னதில்லை.

அம்மா என் குனிந்த தலையைப் பார்த்தார். ஒரு கணந்தான். "வாங்கம்மா, உட்காருங்க" என்று எங்கள் இருவரையும் யாரோ போல வரவேற்று, இலை போட்டார். இட்லி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

தோழி ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, "இன்று சாப்பிட்டதிலேயே இதுதான் மிக ருசி" என்று காசை நீட்டினாள்.

"வேண்டாம். இவர் என் அம்மா" என்றேன்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை என்றார்.

மதுரையில் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும், இப்பொழுது எங்கள் தெருமுனையைத்தான் முதலில் சொல்கிறேன்.