பாடு

தோல்வியிலிருந்து கற்பது குறித்து மேடையேறுகிறவர்களிடம் ஒரு கதை எப்போதும் கைவசம் இருக்கும். 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி-3, ஐந்து நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து வங்கக்கடலில் விழுந்தது. இரண்டாம் கட்டத்தில் அமிலம் கசிந்ததே காரணம் என்று பிற்பாடு கண்டறிந்தார்கள். திட்ட இயக்குநரான அப்துல் கலாமைப் பின்னால் நிறுத்திவிட்டு, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தாமே பொறுப்பேற்றுப் பத்திரிகையாளர்களை எதிர்கொண்டார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி சுற்றுப்பாதையை அடைந்தது. நல்ல கதைதான், நாங்களும் அதைக் கேட்டு வளர்ந்தவர்களே.

ஆனால் அந்த ஏவுதளம் நிற்கும் தீவுதான் பழவேற்காடு ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கிறது என்பதும், ஏரியின் தென்கோடிக் குப்பங்களில் தோல்வியைக் கையாளும் இன்னொரு முறை ராக்கெட்டுக்கு வெகுகாலம் முன்பிருந்தே வழங்கி வருகிறது என்பதும் அம்மேடைகளுக்கு எட்டுவதில்லை.

ஏரியில் இறால் எங்கும் ஒன்றுபோல் கிடைக்காது. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் வலை கட்டியவனுக்கு வாரிக் கொடுக்கும். சற்றுத் தள்ளிக் கட்டியவன் பாசியை உதறிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எல்லோரும் நல்ல இடத்துக்கே பாய்ந்தால் வலைக்கு முன் மண்டை கிழியும். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டன. அதற்குப் பாடு என்று பெயர். எத்தனை பொருத்தமான சொல்! கிடைத்த மீனும் பாடுதான், பட்ட துன்பமும் பாடுதான், வரவேண்டிய முறையும் பாடுதான். வெறும் வலையோடு கரையேறிய முதியவர் ஒருவரிடம் நாங்கள் துக்கம் விசாரிப்பவர்போல் பேச்சுக் கொடுத்தோம். "இன்னிக்கு அவங்க பாடு, நாளைக்கு நம்ம பாடு. அவ்ளோதான் சார்" என்றார். அவர் குரலில் தோற்றவரின் சாயல் துளியும் இல்லை.

கலாமுக்கு மறுவாய்ப்புக் கிடைத்ததற்கு ஒரு தலைவரின் பெருந்தன்மையும் காரணம். இங்கே அது எவருடைய பெருந்தன்மையையும் நம்பியிருக்கவில்லை, ஊர்ச்சட்டமாகவே இருக்கிறது. இடறியவனுக்கு அடுத்த முறை உறுதி என்றால்தான் இடறிய இடத்தை அவன் நிதானமாகப் பார்க்க முடியும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மறுநாள் அடுப்பெரியுமா என்று தெரியாதவனிடம் போய்த் தோல்வியே படிக்கட்டு என்பது, நயமாகச் சொன்னாலும், கொடுமை.

இதைச் சொல்லிவிட்டுப் பாடுமுறையை அப்படியே கொண்டாடிவிடவும் மனம் வரவில்லை. அது பட்டினவர் குலத்து ஆண்களின் உரிமை. சேற்றில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளப் பெண்களுக்கு அதில் இடமில்லை. ஏரியை நம்பும் தலித் மக்களுக்கும் வழிவழியாக இருந்ததில்லை. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறிய பிறகு இதன்பொருட்டுப் பூசல்களும் மூண்டிருக்கின்றன. அவர்களுடைய வெறுங்கை நாளுக்கு மறுமுறை என்று ஒன்று எந்தக் கணக்கிலும் எழுதப்படவில்லை.

மூன்று ஊர்களுக்குமே கைகொடுக்காத நாள்களும் உண்டு. மணல் மேடிட்டு முகத்துவாரம் தூர்ந்துபோகும் காலங்களில் கடல்நீர் உள்ளே வருவதில்லை, இறால் குஞ்சும் வருவதில்லை. அப்போது நல்ல இடம் என்பதே இல்லாமல் போகிறது. யார் பாடு என்று கேட்டு என்ன பயன்?